சுரங்கத்துத் தண்ணீரும் இரண்டு பாட்டில்களும்



நெய்வேலிப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போன என் பழைய மாணவி ஒருத்தி போனில் கேட்டாள்: "சார், தண்ணீரைக் கெடுக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கே, அப்புறம் ஏன் இப்படி?" வகுப்பில் பதில் சொல்லாமல் விட்டதில்லை. இப்போதும் விட மாட்டேன்.

நெய்வேலியில் 1957 மே 20-இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. அந்தக் கரிக்குக் கீழே மணற்பாறையில் அழுத்தத்தோடு ஊற்றுநீர் இருக்கிறது. இரவு பகலாக இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு வந்துவிடும். மழைநீரையும் வெளியேற்ற வேண்டும். அந்தத் தண்ணீர் பரவனாறு, வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி என்று போய் வயலுக்குப் பாய்ந்தது. கூடவே வண்டலும் போனது.

அப்போது கேட்க ஆள் இல்லை. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது 1974-இல். தமிழ்நாட்டில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது 1982 பிப்ரவரியில். கரி வெளிவந்து இருபது வருடம் கழித்து! நிலக்கரிச் சுரங்கங்களுக்கென்று கழிவுநீர் அளவுகோல் வந்தது 2000-இல்தான்: நீர்நிலையில் விடும் லிட்டர் தண்ணீரில் மிதக்கும் திடப்பொருள் 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் சாண்டர்சன் என்ற அம்மையார் ஓடையோரம் வீடு கட்டினார். சுரங்கத்து நீர் ஓடையைக் கெடுத்தது. வழக்குப் போட்டார். முதலில் அவர் பக்கம் பேசிய உச்ச நீதிமன்றம், 1886-இல் பெரிய தொழிலுக்காகத் தனிமனிதர் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று மாற்றிச் சொல்லிவிட்டது. அங்கே 1937-இல் வந்த ஆற்றுச் சட்டத்திலும் சுரங்க நீருக்கு விலக்கு. அது நீங்கியது 1965-இல்.

சரி, சட்டம் எங்கே தடுக்கி விழுகிறது? மாதிரி எடுக்கும் இடத்தில். 1974 சட்டத்தின் 21-ஆம் பிரிவைப் படியுங்கள். அதிகாரி முதலில் ஆலைக்காரருக்கு அறிவிப்புத் தர வேண்டும். அவர் கேட்டால் மாதிரியை இரண்டு பாட்டிலில் பிரித்து, முத்திரையிட்டு, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். இந்த முறை தவறினால் அந்தப் பரிசோதனை முடிவு கோர்ட்டில் சாட்சியாக நிற்காது. முறை நியாயமானதுதான். ஆனால் நேரத்தில் பாட்டிலோடு போய் நிற்க ஓர் ஆள் வேண்டுமே!

2023-இல் பூவுலகின் நண்பர்களும் இன்னொரு அமைப்பும் நெய்வேலிச் சுற்றுவட்டாரத்தில் தண்ணீரில் பாதரசம் இருப்பதாக அறிக்கை வெளியிட்டன. பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. அதே ஆண்டு ஜூலையில் வளையமாதேவியில் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, விளைந்து நின்ற நெற்பயிரில் இயந்திரம் இறங்கியதையும் பார்த்தோம்.

நாமும் யோக்கியம் பேச முடியாது. ஆரணியில் இன்று என்ன நிறப் பட்டுக்குச் சாயம் போட்டார்கள் என்பது கால்வாயைப் பார்த்தாலே தெரிந்த காலம் உண்டு. நெய்வேலி மின்சாரத்தில்தான் நம் வீட்டு விளக்கும் எரிகிறது.

அம்மா, உனக்கு என் பதில்: அதே சட்டத்தின் 49-ஆம் பிரிவு, வாரியத்துக்கு 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டுச் சாதாரணக் குடிமகனும் கோர்ட்டுக்குப் போகலாம் என்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் பரிசோதனை முடிவுகளைக் கேள். தேதி போட்டு, நகல் எடுத்து வை. வீட்டுப்பாடம் இதுதான்.

அன்புடன்,
உங்கள் சார், வெம்பாக்கம்