கருச்சிதைவுக்குப் பிந்தைய மாதவிடாய்ச் சுழற்சி

கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களுக்குள் கரு கலைந்தபின், பெண்ணுடலின் ஹார்மோன்கள் பழைய ஒழுங்குக்குத் திரும்பும் காலகட்டம். முதலில் வடிய வேண்டியது எச்.சி.ஜி. என்னும் கர்ப்ப ஹார்மோன். நஞ்சுக்கொடித் திசு சுரக்கும் இது ஒரே நாளில் மறைவதில்லை. கர்ப்பம் எவ்வளவு வளர்ந்திருந்தது என்பதைப் பொறுத்துச் சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை இரத்தத்தில் தங்கும். அதனால்தான் கரு கலைந்த பிறகும் இந்த ஹார்மோனைக் கண்டறியும் வீட்டுக் கர்ப்பச் சோதனைப் பட்டையில் இரண்டு கோடுகள் விழலாம். அந்த இரண்டாவது கோடு தரும் வேதனை பெரிது. மருத்துவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

எச்.சி.ஜி. குறைந்ததும் கருப்பையைத் தாங்கி நின்ற புரோஜெஸ்ட்ரோன் சரியும். பிட்யூட்டரி சுரப்பி முட்டையை முதிரத் தூண்டும் எப்.எஸ்.எச். ஹார்மோனை மறுபடி சுரக்க, சினைப்பையில் புதிய முட்டை முதிரத் தொடங்கும். இரண்டே வாரத்தில்கூட முட்டை வெளிப்படலாம். மாதவிடாய் பெரும்பாலும் 4 முதல் 8 வாரங்களில் வரும். ஆகவே, மாதவிலக்கு வருமுன்பே மீண்டும் கருத்தரிக்க வாய்ப்புண்டு.

முதல் உதிரப்போக்கு வழக்கத்தைவிட அதிகமாகவோ குறைவாகவோ இருக்கலாம்.

அடுத்த கர்ப்பத்துக்கு 6 மாதம் பொறுக்கச் சொன்னது உலக சுகாதார நிறுவனம். ஆனால், 2010இல் வெளியான ஸ்காட்லாந்து ஆய்வில், அதற்குள் கருத்தரித்தவர்களுக்கு மறுபடி கரு கலைவது குறைவாகவே இருந்தது.

மூன்று வாரத்துக்குப் பிறகும் சோதனை கர்ப்பம் என்றே காட்டினாலோ, காய்ச்சலோ கடும் உதிரப்போக்கோ இருந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.