பௌலிங் பந்தில் துளை விழும் இடம்

டென்பின் பௌலிங் பந்தின் துளைகள் முதலில் கைப்பிடிக்காக மட்டுமே போடப்பட்டன. 19ஆம் நூற்றாண்டின் பந்து லிக்னம் வீட்டே என்னும் மிகக் கடினமான மரத்தில் கடையப்பட்டது. கட்டைவிரலுக்கு ஒன்று, நடுவிரலுக்கு ஒன்று என இரண்டே துளைகள். எடையைத் தாங்க மோதிர விரலும் தேவைப்பட்டபோது மூன்றாவது துளை சேர்ந்து, பந்துக்குத் தேங்காயைப் போல மூன்று கண்கள் வந்தன. துளை எங்கே விழுகிறது என்பது பந்து ஓடும் வழியையே மாற்றும் என்பதை ஆட்டக்காரர்கள் உணர்ந்தது வெகுகாலம் கழித்துத்தான். அதற்குக் காரணம் பந்து அல்ல, தரை.

பந்து புறப்படும் கோட்டிலிருந்து முதல் பின்வரை தளத்தின் நீளம் 60 அடி. அகலத்தில் 39 பலகைகள். பழைய மரத்தளத்தில் பந்து விழும் முன்பகுதிக்கும் பின்கள் நிற்கும் பகுதிக்கும் மேப்பிள் மரம், நடுவே பைன். 16 பவுண்டு வரை எடையுள்ள பந்து நாள் முழுவதும் உராய்ந்து மேற்பூச்சைத் தேய்த்துவிடாமல் இருக்கவே எண்ணெய் தடவினார்கள். பின்னர் செயற்கைத் தளங்கள் வந்து, மரத்தைக் காக்கும் தேவை குறைந்தது. எண்ணெய் மட்டும் போகவில்லை. அதற்குள் ஆட்டமே எண்ணெயைச் சுற்றி வளர்ந்துவிட்டது.

கேரம் பலகையில் மாவு தூவி ஆடியவர்களுக்கு எண்ணெயின் வேலை எளிதில் புரியும். பெரும்பாலான தளங்களில் முதல் 40 அடி அளவுக்கு எண்ணெய் இருக்கும்; எஞ்சிய பகுதி உலர்ந்திருக்கும். சுழன்றபடி போகும் பந்து எண்ணெயில் வழுக்கி நேராகச் செல்கிறது. உலர்ந்த இடத்தைத் தொட்டதும் சுழற்சி தரையைப் பற்றுகிறது, பந்து வளைகிறது, கடைசியில் முழுமையாக உருள்கிறது. வழுக்கல், வளைவு, உருளல் என்ற இந்த மூன்று கட்டங்களும் எங்கெங்கே தொடங்குகின்றன என்பதில்தான் ஆட்டத்தின் நுட்பமெல்லாம் இருக்கிறது. முதல் பின்னின் ஓரத்தில் சுமார் 6 பாகைக் கோணத்தில் நுழையும் பந்துக்குப் பத்துப் பின்களையும் சாய்க்கும் வாய்ப்பு மிகுதி. நேராக வீசிய பந்தால் அந்தக் கோணத்தை எட்டவே முடியாது. தளத்தின் அகலம் அதற்குப் போதாது.

1895இல் நியூயார்க்கில் தொடங்கிய அமெரிக்கன் பௌலிங் காங்கிரஸ் ஆட்டத்துக்கு ஒரே சீரான விதிகளைத் தந்தது. 1900களில் ரப்பர் பந்துகள் வந்து மரப்பந்துகளை விரட்டின. துளையிடும்போது ஒரு பக்கத்தில் எடை குறைவதால், அதை ஈடுசெய்ய ரப்பர் பந்துக்குள் தட்டையான ஓர் எடைக்கட்டி வைக்கப்பட்டது. துளைகளை அந்தக் கட்டியின் நடுவில் போடாமல் சற்றே தள்ளிப் போட்டால், பந்தின் ஒரு பக்கம் கொஞ்சம் கனக்கும். அந்தக் கனத்தைக் கொண்டு பந்தின் ஓட்டத்தை மாற்றப் பார்த்ததே முதல் ‘லேஅவுட்’ உத்தி, அதாவது துளைகளின் இடத்தைத் திட்டமிடும் உத்தி. பக்க எடை 1 அவுன்ஸைத் தாண்டக் கூடாது என்று விதியும் வந்தது. இன்றைய கணக்கில் அந்த ஓர் அவுன்ஸ் தந்த பலன் மிகச் சிறியது.

பெரிய மாற்றம் பந்தின் மேலுறையிலிருந்துதான் வந்தது. 1973இல் டான் மெக்கியூன் என்ற அமெரிக்க ஆட்டக்காரர் பாலியெஸ்டர் பந்தை ரசாயனக் கரைசலில் ஊறவைத்து மென்மையாக்கி, அந்த ஆண்டு ஆறு பட்டங்கள் வென்றார். பந்தின் மேற்பரப்பு எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும் என்ற விதி அதன் பிறகு பிறந்தது. 1980களில் யூரித்தேன் பந்துகளும், 1990களின் தொடக்கத்தில் ‘ரியாக்டிவ் ரெசின்’ பந்துகளும் வந்தன. ரெசின் மேலுறையின் நுண்துளைகள் எண்ணெயை உறிஞ்சுவதால், உலர்ந்த பகுதியில் பந்து தரையை இறுகப் பற்றும். இப்படிப் பற்றும் மேலுறை கிடைத்த பிறகே உள்ளிருக்கும் எடைக்கட்டியான கருவின் வடிவத்துக்கு மதிப்பு வந்தது. கரு மதிப்புப் பெற்றதும் துளையிடுபவரும் கைவினைஞர் நிலையிலிருந்து வடிவமைப்பாளர் நிலைக்கு உயர்ந்தார்.

புதிய பந்தின் மேல் ஒரு சிறு வண்ணப் புள்ளி தெரியும். உள்ளே இருக்கும் கருவின் உச்சி எந்தப் பக்கம் நோக்குகிறது என்பதை அது காட்டுகிறது. அந்தப் புள்ளிக்கும் ‘பின்’ என்றே பெயர்; தளத்தில் நிற்கும் பின் வேறு. ஒவ்வொரு ஆட்டக்காரரின் கையிலிருந்தும் பந்து ஒவ்வொரு அச்சில் சுழன்று புறப்படும். அந்த அச்சின் முனையைக் கண்டுபிடிப்பதே துளையிடுபவரின் முதல் வேலை. வீசி வந்த பந்தில் படிந்த எண்ணெய் வளையத்தை வைத்து அவர் அதைக் கணிக்கிறார். மருத்துவர் நாடி பார்ப்பதற்கு நிகரான வேலை இது. இதில் தவறினால் பிறகு எந்தக் கணக்கும் சரிவராது.

பின் சரியாக அச்சுமுனையில் இருந்தால் பந்து நிலையாகச் சுழலும். ஒவ்வொரு சுற்றிலும் அதே வளையம்தான் தரையைத் தொடும். அந்த வளையத்தில் ஏற்கெனவே எண்ணெய் ஒட்டியிருப்பதால் பிடிப்பு குறையும். பின்னை அச்சுமுனையிலிருந்து தள்ளி வைத்தால், வேகம் குறையும் பம்பரம் தலையாட்டுவது போல அச்சு நகரும். ஒவ்வொரு சுற்றிலும் பந்தின் புதிய, உலர்ந்த பரப்பு தரையைத் தொடும். விளையாடி முடித்த பந்தைப் பார்த்தால் எண்ணெய் வளையங்கள் நடுவில் குறுகி இருபுறமும் விசிறியாய் விரிந்திருக்கும். பந்தின் சுற்றளவு சுமார் 27 அங்குலம்; அதில் கால் பங்கு 6¾ அங்குலம். பின் அச்சுமுனையில் இருந்தாலும், 6¾ அங்குலம் தள்ளி இருந்தாலும் இந்த விரிவு மிகக் குறைவு. இரண்டுக்கும் நடுவே, 3⅜ அங்குலத்தில், அது உச்சத்தைத் தொடுகிறது.

பந்து வடிவமைப்பாளர் மோ பினெல் பரப்பிய இரட்டைக் கோண முறை, இந்தத் தூரத்தோடு இரண்டு கோணங்களையும் சேர்த்துக்கொண்டது. ஒன்று, பந்து வழுக்கலை விட்டு எப்போது விலகும் என்பதைச் சார்ந்தது. கோணம் சிறியதானால் விரைவில், பெரியதானால் தாமதமாக. மற்றது, உலர்ந்த இடத்தில் பந்து வெடுக்கென்று திரும்புமா, மெல்ல வளையுமா என்பதைச் சார்ந்தது. ஆனாலும் லேஅவுட்டை மந்திரமாக நினைப்பது தவறு. யுனைடெட் ஸ்டேட்ஸ் பௌலிங் காங்கிரஸ் 2000களில் நடத்திய ஆய்வில், பந்தின் ஓட்டத்தை எல்லாவற்றையும் விட மேற்பரப்பின் சொரசொரப்பே அதிகம் தீர்மானிப்பதாகத் தெரியவந்தது. பளபளக்கும் பந்தை நல்ல லேஅவுட் காப்பாற்றாத இடத்தில், உப்புத்தாளால் இரண்டு நிமிடம் தேய்த்தால் வேலை நடந்துவிடும்.

பெங்களூரில் சர்ச் தெருவில் இருந்த அமீபா தளத்தில் தேசியப் போட்டிகள் நடந்திருக்கின்றன. தமிழ்நாட்டின் ஷபீர் தன்கோட், கர்நாடகத்தின் ஆகாஷ் அசோக்குமார் போன்ற சாம்பியன்களுக்குத் தங்கள் கைக்கே துளையிட்ட பந்துகள் பலவும் வேண்டும். வார இறுதியில் நண்பர்களோடு ஆட வருபவர்கள் எடுக்கும் பொதுப் பந்தோ பாலியெஸ்டரால் ஆனது. எந்தக் கைக்கும் பொருந்தும்படி துளைகள் அகலமாக இருக்கும். அதில் லேஅவுட் என்று எதுவும் இல்லை. எண்ணெயில் போவது போலவே உலர்ந்த இடத்திலும் அது ஏறக்குறைய நேராகப் போகும்.

நெடுங்காலம் துளையிடுபவர் கையில் இன்னொரு கருவியும் இருந்தது: விரல் நுழையாத நான்காவது துளை. கருவின் சமநிலையை மாற்றிப் பந்தின் வளைவைக் கூட்டவோ குறைக்கவோ அது உதவியது. 2020 ஆகஸ்ட் 1 முதல் யுனைடெட் ஸ்டேட்ஸ் பௌலிங் காங்கிரஸ் அதைத் தடை செய்தது. பிடிக்கப் பயன்படாத துளை எதுவும் பந்தில் இருக்கக் கூடாது. அதற்கு ஈடாகப் பக்க எடையின் வரம்பு 3 அவுன்ஸாக உயர்ந்தது. துளைகளை அடைத்து மறுபடி துளைக்கும் வேலை பல நாடுகளின் கடைகளில் குவிந்தது.

ஆஸ்திரேலியாவின் ஜேசன் பெல்மான்டேயைப் போல இரு கைகளால் வீசுபவர்கள் கட்டைவிரலைப் பயன்படுத்துவதில்லை. அவர்கள் பந்தில் அந்தத் துளையும் இருக்கக் கூடாது. மரப்பந்துக் காலத்தைப் போலவே இரண்டு துளைகள் மட்டும் உள்ள பந்து மறுபடி தளத்துக்கு வந்துவிட்டது. உள்ளங்கை எந்தப் பக்கம் என்று காட்ட, அதன் மேல் ஓர் அடையாளக் குறி மட்டும் பொறிக்கப்படுகிறது.