கைப்பேசிக் குறுஞ்செய்திகளும் நீரிழிவுத் தடுப்பும்

உணவு, உடற்பயிற்சி, புகையிலை ஆகியவை பற்றிய நினைவூட்டல்களைக் கைப்பேசிக்குத் தொடர்ந்து அனுப்பி மக்களின் அன்றாடப் பழக்கங்களை மாற்ற முயல்வது குறுஞ்செய்தி வழி நலவாழ்வு முறை எனப்படுகிறது. நீரிழிவுத் தடுப்பில் இம்முறையைச் சோதித்த முன்னோடி ஆய்வுகளுள் ஒன்று சென்னை மருத்துவர்களால் நடத்தப்பட்டது.

தொடக்கம்

உலகின் முதல் குறுஞ்செய்தி 1992 இல் பிரித்தானியாவில் அனுப்பப்பட்டது. 2005 இல் வெளிவந்த நியூசிலாந்து ஆய்வொன்றில், புகைப்பதை விட விரும்பிய 1,705 பேர் பங்கேற்றனர். ஆதரவுச் செய்திகள் பெற்றவர்களில் 28 விழுக்காட்டினர் ஆறு வாரங்களில் புகைப்பதை நிறுத்தியதாகக் கூறினர். மற்றவர்களில் இது 13 விழுக்காடே. அந்நாட்டின் முதற்குடிகளான மாவோரிகளிடமும் இதே பயன் காணப்பட்டது.

சென்னை ஆய்வு

மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் 2006 இல் வெளியிட்ட ஆய்வு, வாழ்க்கை முறை மாற்றத்தால் இந்தியர்களிடம் நீரிழிவைத் தடுக்க முடியும் என்று காட்டியது. ஆனால் ஒவ்வொருவரையும் நேரில் சந்தித்து மீண்டும் மீண்டும் அறிவுரை கூற ஆளும் பணமும் தேவைப்பட்டன. இதற்கு மாற்றாகக் கைப்பேசியை அவர்கள் சோதித்தனர்.

2009 முதல் 2012 வரை தென்கிழக்கு இந்தியாவில் நடந்த இவ்வாய்வில், நீரிழிவின் விளிம்பில் இருந்த 537 ஆண்கள் பங்கேற்றனர். அனைவருக்கும் தொடக்கத்தில் நேரடி அறிவுரை வழங்கப்பட்டது. ஒரு பிரிவினருக்கு மட்டும் குறுஞ்செய்திகள் தொடர்ந்து அனுப்பப்பட்டன. இரண்டு ஆண்டுகளில் அப்பிரிவில் 18 விழுக்காட்டினருக்கும், மற்றப் பிரிவில் 27 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு வந்தது. முடிவுகள் 2013 இல் வெளியாயின.

பரவலும் பின்னடைவும்

2016 இல் இந்திய அரசு நீரிழிவுக்கான கைப்பேசிச் செய்தித் திட்டத்தைத் தொடங்கியது. எனினும் இந்தியாவிலும் பிரித்தானியாவிலும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2020 இல் வெளிவந்த ஆய்வில், குறுஞ்செய்திகளால் நீரிழிவு குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. முதல் ஆய்வின் வெற்றி எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று கொள்ள முடியாது என்பதை இது உணர்த்தியது.

யாரைச் சென்றடைகிறது?

சென்னை ஆய்வில் பெண்கள் இடம்பெறவில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தாமே பயன்படுத்தும் கைப்பேசி வைத்திருந்த இந்தியப் பெண்கள் ஏறத்தாழ 54 விழுக்காட்டினர் மட்டுமே. தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் இந்த இடைவெளியின் பொருள் தெளிவாகும். குச்சனூர் போன்ற ஊர்களில் வயல் வேலைக்குச் செல்லும் பெண்ணின் வீட்டில் ஒரே கைப்பேசி இருந்து, அதைக் கணவர் எடுத்துச் சென்றால், செய்தி அவரை எட்டாது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரங்களில் வாழும் பளியர் பழங்குடியினரில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு எழுத்துச் செய்தியைவிடக் குரல் செய்தியே உதவும். அதற்கும் அலைக்கற்றைத் தொடர்பு கிடைக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் களப்பணியாளர்கள் வீடு தேடிச் சென்று நீரிழிவு, இரத்த அழுத்த நோயாளிகளுக்கு மருந்து வழங்குகின்றனர். குறுஞ்செய்தி எட்டாத வீட்டையும் இத்தகைய நேரடிப் பணி எட்டுகிறது. சென்னை ஆய்விலும் செய்திகளுக்கு முன்னே நேரடி அறிவுரை இருந்தது. ஆகவே குறுஞ்செய்தி, நேரில் வரும் பணியாளருக்குத் துணையாகலாம், மாற்றாகாது.