கழகம் கட்டிய வானொலி

இலங்கை வானொலியின் வரலாறு அரசாணையோடு மட்டும் தொடங்கியதன்று. ஆர்வலரின் கூட்டுழைப்புக்கும் அதில் பங்குண்டு. 1923இல் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சிறியதோர் அறையிலிருந்து இசைத்தட்டுப் பாடல்கள் பரிசோதனையாக ஒலிபரப்பப்பட்டன. போரிலே கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலி உறுப்புக்களே ஒலிபரப்பியாயின. கொல்லும் கலத்தின் உறுப்புக்கள் மனிதருக்கு இசை வழங்கின! அம்முயற்சிக்குத் தலைமை தாங்கிய பொறியியலாளர் எட்வேர்ட் ஹாப்பர், ஆங்கிலேயரும் இலங்கையருமான ஆர்வலரைக் கூட்டிக் கம்பியில்லாத் தந்திக் கழகமொன்றையும் நிறுவினார். 1925 டிசம்பரில் முறையான ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று.

பின்னர் ஒலிபரப்பு அரசின் கையில் வளர்ந்தது. அங்கே பேசுவோர் சிலர், கேட்போர் பலர். ஆர்வலர் வானொலியிலோ கேட்பவனே பேசுபவனும் ஆவான். கருவியைத் தானே அமைப்பதும், கற்றதைப் பிறருக்குக் கற்பிப்பதும், ஊதியம் பெறாதிருப்பதும் அதன் நெறி.

அந்நெறியின் பெறுமதியை 2004 டிசம்பர் 26 உணர்த்திற்று. ஆழிப்பேரலையால் தொலைபேசித் தொடர்பு அறுந்த அம்பாந்தோட்டையைச் சிற்றலை வழியே கொழும்புடன் இணைத்தவர்கள், விக்டர் குணதிலக்க தலைமையிலான இலங்கை வானொலிச் சங்கத்தின் தொண்டர்களே. இலாபம் தேடி நிறுவப்பட்ட வலைப்பின்னல்கள் ஓய்ந்தபோது, பொழுதுபோக்கெனக் கருதப்பட்ட அறிவு மக்களுக்குத் துணை நின்றது.

இவ்வறிவு நகரத்து வசதி படைத்தோரின் உடைமையாகவே இருத்தல் தகுமா? கரையோரப் பாடசாலைகள் தோறும் இத்தகைய கழகமொன்றை அமைக்க ஆசிரியரும் மாணவரும் முன்வருதல் வேண்டும்.