தென்காசி வட்டாரத்தில் பயணிகளின் உணவும் பந்தி விதிகளும்

வண்டியிலிருந்தோ கப்பலிலிருந்தோ இறங்கிய பயணி எங்கே சாப்பிடுவது, யார் சமைத்ததைச் சாப்பிடுவது, யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது என்பவற்றுக்கு எல்லா நாடுகளிலும் விதிகள் இருந்துள்ளன. இன்றைய உல்லாசக் கப்பல்களில் ஒரு நாள் கரையிறங்கிச் சுற்றிப்பார்க்கச் செல்வோர் கப்பல் உணவைக் கையில் எடுத்துச் செல்ல இயலாத துறைமுகங்கள் பல உண்டு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் பையில் மறந்து விட்ட ஒரு பழத்துக்குக்கூட அபராதம் விதிக்கப்படும். பழ ஈயும் கால்நடை நோயும் நாட்டுக்குள் வந்துவிடக் கூடாது என்பது அங்குள்ள அச்சம். தமிழ்நாட்டின் பழைய பயண விதிகளில் இருந்த அச்சம் வேறு: பக்கத்து இலையில் இருப்பவர் யார் என்பது. தென்காசி, குற்றாலம், செங்கோட்டை, வடகரை ஆகிய ஊர்களைக் கொண்ட மலையடிவாரப் பகுதி, கேரளத்துக்கான கணவாய்ப் பாதையில் இருப்பதால், இந்த விதிகள் உருவாகி உடைந்த வரலாற்றை இங்கே தெளிவாகக் காணலாம்.

கட்டுச்சோறு

சாலையோர உணவுக்கடை வருவதற்கு முன் பயணி தன் சோற்றைத் தானே சுமந்தார். நல்லெண்ணெய் தாராளமாக விட்டுக் கிளறிய புளிச்சோற்றை, அனலில் வாட்டிய வாழையிலையில் பொதிந்து கட்டினால் மறுநாளும் கெடாது. புளியின் புளிப்பும் எண்ணெயும் உப்பும் சேர்ந்து அதைக் காக்கின்றன.

கட்டுச்சோற்றுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆசாரம் பார்த்த குடும்பங்களில் நீரில் வெந்த சோறு ‘பத்து’ எனப்பட்டது. அதைத் தொட்ட கையால் வேறொன்றைத் தொடக் கூடாது. பிற சாதியார் தொட்டால் அது உண்ணத் தகாததாகிவிடும். நெய்யிலோ எண்ணெயிலோ பொரித்த பலகாரத்துக்கும் பழத்துக்கும் இந்தக் கெடுபிடி குறைவு. முறுக்கும் அதிரசமும் பயணப் பலகாரங்களாக நிலைத்ததில், கெடாமல் இருக்கும் குணத்தோடு இதற்கும் பங்கு இருந்திருக்க வேண்டும். 1888இல் பம்பாயிலிருந்து லண்டனுக்குக் கப்பல் ஏறிய காந்தி, பெரும்பாலும் கொண்டுபோன இனிப்புகளையும் பழங்களையும் அறைக்குள் இருந்தே சாப்பிட்டதாகத் தன் வரலாற்றில் எழுதியுள்ளார். முள்கரண்டி பிடிக்கத் தெரியாத கூச்சமும், எந்த உணவில் இறைச்சி கலந்திருக்குமோ என்ற தயக்கமும் அவரை உணவு மேசையிலிருந்து விலக்கி வைத்தன.

சத்திரம், பேட்டை, ஊட்டுப்புரை

நீண்ட பயணத்துக்குக் கட்டுச்சோறு போதாது. அதற்காகவே சத்திரங்கள் எழுந்தன. 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலைகளும் சத்திரங்களும் அமைத்தவராக நினைவுகூரப்படுகிறார். மதுரை, திருநெல்வேலிப் பகுதிகளில் மங்கம்மாள் சாலை என்ற பெயர் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

சத்திரங்களில் யாருக்கு எப்படி உணவு வழங்கப்பட்டது என்பதற்கு, இப்பகுதிக்கு வெளியே, தஞ்சாவூரிலிருந்து நல்ல சான்று கிடைக்கிறது. மன்னர் இரண்டாம் சரபோஜி 1801இல் ஆங்கிலேய அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில் தம் சத்திரங்களின் நடைமுறையை விவரித்துள்ளார். பிராமணர் முதல் பறையர் வரை, யோகிகள், பக்கிரிகள் உட்பட எல்லாப் பயணிகளுக்கும் அங்கே சோறு உண்டு. சமைத்த சோற்றை உண்ண விரும்பாதவர்களுக்கு அரிசியும் மளிகைச் சாமான்களும் அளந்து தரப்பட்டன. இந்தக் கடைசி ஏற்பாடு கவனிக்கத்தக்கது. அறம் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. அடுப்பு பொதுவாக இல்லை. அரிசியைப் பெற்றவர் தனக்கென மூன்று கல் கூட்டித் தானே சமைத்துக்கொண்டார்.

பொதுச் சத்திரங்களில் மதிப்பான இடம் கிடைக்காத சாதியினர் தங்களுக்கெனத் தங்குமிடங்களை அமைத்துக்கொண்டனர். நாடார் வணிகர்களின் ‘பேட்டை’ இவ்வாறு உருவானது. சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை, சாத்தங்குடி ஆகிய ஊர்களில் இருந்த பேட்டைகளில் வண்டிகளையும் மாடுகளையும் காவலுக்குள் நிறுத்திவிட்டு, வணிகர்கள் அச்சமின்றிச் சமைத்து உண்டு உறங்கினர். இதற்கான செலவை ‘மகமை’ என்ற பொது நிதி ஏற்றது. பின்னாளில் அந்தச் சமூகம் பள்ளிகளும் கல்லூரிகளும் நடத்தியதற்கு இந்த மகமைப் பழக்கமே அடிப்படை. வழிப்போக்கருக்குச் சோறு மறுக்கப்பட்டதிலிருந்து ஒரு பெரிய பொது அமைப்பு வளர்ந்தது என்று சொன்னால் மிகையாகாது.

மலைக்கு அப்பால் திருவிதாங்கூரில் அரசின் ‘ஊட்டுப்புரை’கள் இருந்தன. அவை முதன்மையாகப் பிராமணர்களுக்கு இலவச உணவு அளித்தவை. ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருவனந்தபுரத்தில் 56 நாட்கள் நடந்த முறைஜபத்துக்கு வேதம் ஓதுவோர் ஏராளமாகத் திரண்டனர். வரி கொடுத்தவர்களில் பெரும்பாலோர் ஊட்டுப்புரையின் பந்தியில் உட்கார முடியாதவர்கள். 19ஆம் நூற்றாண்டு மிஷனரிகள் இதைத் தொடர்ந்து கண்டித்து எழுதினர். அவர்களுக்கு மதமாற்ற நோக்கம் இருந்தது உண்மைதான். ஆனாலும் கேட்ட கேள்வி நியாயமானது.

ரயில் வந்த பிறகு

திருநெல்வேலியிலிருந்து வந்த ரயில்பாதை 1903இல் செங்கோட்டையை அடைந்தது. அடுத்த ஆண்டு மலையைக் குடைந்து ஆரியங்காவு வழியாகப் புனலூர், கொல்லம் வரை இணைக்கப்பட்டது. மாட்டுவண்டியில் நாட்கணக்கில் கடந்த கணவாயைச் சில மணி நேரத்தில் கடக்க முடிந்தது.

மூன்றாம் வகுப்புப் பெட்டியில் சீட்டு வாங்கிய யாரும் யாருக்குப் பக்கத்திலும் உட்காரலாம். தொடையும் தொடையும் உரச உட்கார்ந்து வந்தவர்கள், நிலையத்தில் இறங்கியதும் வெவ்வேறு வாசல்களில் நுழைந்தனர். தென்னிந்திய ரயில்வேயில் ஐரோப்பிய முறை உணவு விடுதிகளை ஸ்பென்சர் நிறுவனம் நடத்தியது. இந்திய உணவு விடுதிகளில் ‘பிராமணாள்’ என்றும் ‘இதராள்’ என்றும் இடம் பிரிக்கப்பட்டிருந்தது. ஊருக்குள்ளும் இதே நிலைதான். பிராமணாள் காப்பி கிளப், போத்தி ஓட்டல், சைவாள் சாப்பாட்டுக் கடை என்று பெயர்ப்பலகையே சமைப்பவரின் சாதியை அறிவித்தது. அது இன்றைய தரச் சான்று முத்திரை போலப் பயன்பட்டது என்று சிலர் சொல்வதுண்டு. பலகையைப் பார்த்து உள்ளே போனவருக்கு அது சான்று. வெளியே நிறுத்தப்பட்டவருக்கு அது தடை.

கடல் கடந்தவர்கள்

இதே பாதையில் எதிர்த் திசையில் சென்றால் மணியாச்சி. அங்கிருந்து தூத்துக்குடி, கொழும்புக் கப்பல். 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு இலங்கைப் பயணிகள் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஏறினர். தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்களை இலங்கை அரசு முதலில் மண்டபம் முகாமில் சில நாட்கள் தங்கவைத்தது. காலராவும் அம்மையும் தீவுக்குள் நுழையக் கூடாது என்பதற்காக அங்கே மருத்துவச் சோதனை, அம்மை குத்தல், முகாம் சோறு எல்லாம் நடந்தன. வசதியுள்ளவர் தன் கட்டுச்சோற்றையும் சமையற்காரரையும் கொண்டுபோகலாம். முகாமில் வரிசையில் நின்றவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. பந்தி ஆசாரம் நிலைத்து நிற்பதற்கும் காசு வேண்டியிருந்தது.

சேரன்மாதேவி, 1925

பந்தியைப் பற்றிய சண்டை தமிழக அரசியலையே திருப்பியது இந்த ரயில்பாதை ஓரத்தில்தான். வ.வே.சு. ஐயர் 1922இல் கல்லிடைக்குறிச்சியில் தமிழ்க் குருகுலம் ஒன்றைத் தொடங்கினார். அது பின்னர் சேரன்மாதேவிக்கு மாறியது. தேசியக் கல்வி, தமிழ்வழிக் கல்வி, உடலுழைப்பு ஆகியவை அதன் நோக்கங்கள். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி 10,000 ரூபாய் நன்கொடை அறிவித்து, முதல் தவணையாக 5,000 ரூபாய் கொடுத்தது. பிராமணர் அல்லாத செல்வர்களும் வாரி வழங்கினர்.

அங்கே இரண்டு பிராமணச் சிறுவர்களுக்கு மட்டும் தனியே உணவு அளிக்கப்பட்டது வெளியே தெரிந்தது. பெற்றோருக்குக் கொடுத்த வாக்கு என்பது ஐயரின் விளக்கம். பொதுப் பணத்தில் நடக்கும் நிறுவனத்தில் பந்தி வஞ்சனை கூடாது என்பது பி. வரதராஜுலு நாயுடு, ஈ.வெ. ராமசாமி ஆகியோரின் வாதம். நாயுடுவின் ‘தமிழ்நாடு’ இதழ் இதைத் தொடர்ந்து எழுதியது. 1925 மார்ச்சில் தமிழகம் வந்த காந்தி சமரசம் பேசினார், பலிக்கவில்லை. அடுத்த மாதம், தேசிய இயக்கத்தில் பங்கேற்கும் அமைப்புகள் பிறப்பால் வேற்றுமை பாராட்டக் கூடாது என்று எஸ். ராமநாதன் கொண்டுவந்த தீர்மானத்தைக் கமிட்டி ஏற்றபோது ராஜாஜி உள்ளிட்ட சிலர் பதவி விலகினர்.

ஐயர் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார். ஜூன் தொடக்கத்தில் மாணவர்களுடன் பாபநாசம் அருவிக்குச் சென்றபோது, நீரில் விழுந்த மகள் சுபத்திராவைக் காப்பாற்றப் போய் அவரும் உயிரிழந்தார். அதே ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டிலிருந்து ஈ.வெ.ரா. வெளியேறினார். ஐயரைச் சாதி வெறியராகக் காட்டுவது அவருக்கு நியாயம் செய்யாது; ஆயுதப் புரட்சிக்குத் துணிந்த, கம்பனிலும் குறளிலும் தோய்ந்த மனிதர் அவர். ஆனால் இரண்டு இலைகளை இடம் மாற்றிப் போட அவரால் முடியவில்லை. பந்தி விதி எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறில்லை.

சட்டங்கள்

ரயில் நிலைய உணவு விடுதிகளின் பிராமணர், இதரர் பிரிவினை நீதிக்கட்சி, சுயமரியாதை இயக்கத்தின் எதிர்ப்பால் 1941இல் நீங்கியது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, கடைகள், உணவு விடுதிகள், ஓட்டல்களோடு கிணறு, குளம், படித்துறைகளிலும் சாதி, மத அடிப்படையில் எவரையும் தடுக்கக் கூடாது என்கிறது. ஆனாலும் ‘பிராமணாள்’ பலகைகள் உடனே இறங்கவில்லை. சென்னை திருவல்லிக்கேணியில் ஓர் ஓட்டலின் பலகையை எதிர்த்து 1957இல் பெரியார் நீண்ட மறியல் நடத்த வேண்டியிருந்தது. தென் மாவட்டத் தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளை முறை அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் ஆய்வாளர்களால் பதிவு செய்யப்பட்டுள்ளது. அறநிலையத் துறை சுதந்திர தினத்தன்றும் அண்ணா நினைவு நாளன்றும் கோயில்களில் நடத்தும் பொது விருந்து, இந்த வரலாற்றின் நேரடித் தொடர்ச்சி.

சீசனும் பார்டரும்

செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் அதன் வழிவந்த மாநிலத்தோடும் இருந்தது. எல்லை தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் இடையே பிரானூர் அருகே ஓடியது. மாநிலச் சீரமைப்புக்குப் பின் எல்லை மேற்கே புளியரைக்கு அப்பால் நகர்ந்தது. பிரானூருக்குப் ‘பார்டர்’ என்ற பெயர் மட்டும் தங்கிவிட்டது. அங்குள்ள புரோட்டாக் கடைகளும் அந்தப் பெயராலேயே புகழ்பெற்றன. ஜூன் முதல் சாரல் காலத்தில் அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வரும் கூட்டம், வாழையிலையில் பிய்த்துப் போட்ட புரோட்டாவுக்கும் சால்னாவுக்கும் நாட்டுக்கோழிக்கும் நெருக்கியடித்து உட்காருகிறது. பக்கத்தில் இருப்பவர் யார் என்று கேட்க அங்கே நேரமில்லை. கார்த்திகை பிறந்ததும் கறுப்பு வேட்டி கட்டிய சபரிமலை யாத்திரிகர்கள் வரத் தொடங்குகின்றனர். இந்த ஊர்களில் சைவச் சாப்பாட்டுக்குத் தேவை கூடுகிறது.

அடுப்பைச் சுமந்து செல்லும் பழைய வழக்கம் இன்னும் தொடர்கிறது. சுற்றுலா வேன்களில் அண்டாவும் எரிவாயு உருளையும் வருகின்றன. சாலையோரத்தில் சமையல் நடக்கிறது. திறந்த வெளியில் இது பெரிய ஆபத்தில்லை. ரயிலில் நிலைமை வேறு. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரை ரயில் நிலையத்தில் நிறுத்தப்பட்டிருந்த தனிச் சுற்றுலாப் பெட்டி ஒன்றில், விதியை மீறிக் கொண்டுவந்த எரிவாயு உருளையால் தீப்பற்றியது. லக்னோவிலிருந்து புறப்பட்டு வந்த அந்தக் குழுவில் 9 பேர் இறந்தனர். எரியக்கூடிய பொருள்களை ரயிலில் கொண்டுசெல்லத் தடை நெடுங்காலமாக இருக்கிறது. ஆனால் வெளியூர் சென்றாலும் நம் கையால் சமைத்ததையே சாப்பிட வேண்டும் என்ற விருப்பம் தடையைவிடப் பழையது.

கப்பல் துறைமுகங்களில் காணும் சோதனை இப்போது மலைப்பாதைக்கும் வந்திருக்கிறது. 2021 ஜனவரியில் கேரளத்தில் பறவைக் காய்ச்சல் பரவியபோது புளியரைச் சாவடியில் வாகனங்களுக்கு மருந்து தெளிக்கப்பட்டது. கோழியும் முட்டையும் ஏற்றி வந்தவை திருப்பி அனுப்பப்பட்டன. எதிர்ப்புறம் ஆரியங்காவில், தமிழ்நாட்டிலிருந்து செல்லும் பாலைக் கேரளப் பால்வளத் துறை சோதிக்கிறது. 2023 ஜனவரியில் அங்கே நிறுத்தப்பட்ட ஒரு பால் லாரியில் கலப்படம் இருப்பதாகப் பால்வளத் துறையின் சோதனை கூறியது. பின்னர் உணவுப் பாதுகாப்புத் துறை செய்த சோதனை அதை உறுதி செய்யவில்லை. அதற்குள் லாரியிலிருந்த 15,000 லிட்டருக்கும் மேற்பட்ட பால் நாட்கணக்கில் நின்றது.