யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத நாட்கள்

நமது சபையின் பிள்ளைகள் பலர் பலெர்மோவிலேயே பிறந்தவர்கள். சுவிச்சைத் தட்டியதும் வெளிச்சம் வருகிற வீடுகளில் வளர்கிறவர்கள். அவர்களுடைய பெற்றோரில் பலருக்கு இளமைக்காலம் அப்படி அமையவில்லை. அந்த நாட்களின் வரலாற்றில் ஒரு சிறு பகுதியை இம்மலரில் பிள்ளைகளுக்காகப் பதிந்து வைக்கிறோம்.

1990 ஜூன் மாதம் இலங்கையில் மீண்டும் போர் மூண்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோனது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, உரம் முதலியவற்றை அங்கே கொண்டுபோகத் தடை வந்தது. மண்ணெண்ணெய் அளவாகவே கிடைத்தது; விலையோ மிக அதிகம். 1995 ஒக்ரோபர் இறுதியில் நடந்த பெரும் இடப்பெயர்வு வரை, ஐந்து ஆண்டுகளுக்கு மேல் மக்கள் இப்படியே வாழ்ந்தார்கள்.

மின்சாரம் எப்படிப் பிறக்கிறது? செம்புக் கம்பிச் சுருளுக்கு அருகே காந்தம் அசைந்தால் கம்பியில் மின்னோட்டம் உண்டாகும் என்று 1831இல் மைக்கல் பரடே கண்டறிந்தார். 1860இல் பீசா நகரத்தவரான அந்தோனியோ பச்சினொத்தி சீரான மின்னோட்டம் தரும் டைனமோவை அமைத்தார். ஆகவே தேவைப்படுவது சுழற்றும் பலம் மட்டுமே. அதை அருவி நீரும் தரும், லொறி எஞ்சினும் தரும்.

பழைய லொறியின் டீசல் எஞ்சினைக் கழற்றி, இரும்புச் சட்டத்தில் இறுக்கி, பெல்ற் பூட்டி மின்பிறப்பாக்கியைச் சுழற்றலாம். உலகின் பல ஊர்களில் மெக்கானிக்குகள் இப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனால் வேகம் மாறக்கூடாது. நான்கு துருவ மின்பிறப்பாக்கி நிமிடத்துக்கு 1500 முறை சுழன்றால்தான் 50 ஹேர்ட்ஸ் மின்சாரம் வரும். இலங்கைக்கும் இத்தாலிக்கும் அளவு அதுவே. விளக்குகள் கூடும்போது எஞ்சினுக்குப் பாரம் ஏறி வேகம் குறையும், வெளிச்சம் மங்கும். அப்போது கூடுதல் டீசலை விட்டு வேகத்தைக் காக்க கவர்னர் என்ற கருவி வேண்டும். புகையில் நஞ்சு வாயு இருப்பதால் எஞ்சினை அறைக்குள் ஓட்டவே கூடாது.

யாழ்ப்பாணத்தில் லொறிகள் இருந்தன, கைதேர்ந்த மெக்கானிக்குகளும் இருந்தார்கள். டீசல்தான் இல்லை. எனவே வேறு வழி தேடினார்கள். பெற்றோல் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெய் குளிரில் எளிதில் ஆவியாகாது. அதனால் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்வார்கள். எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய் போதும். பின்னால் வெள்ளைப் புகை எழும்பும்.

பற்றரி இல்லாத வானொலிக்குச் சைக்கிள் டைனமோ கைகொடுத்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்றுவார். மற்றவர்கள் சூழ்ந்திருந்து பி.பி.சி. தமிழோசையின் செய்தி கேட்பார்கள். கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்துவிடும். ஆகவே ஆள் மாறி ஆள் சுற்றினார்கள்.

பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தார்கள். சிறிது மண்ணெண்ணெயும் பஞ்சுத் திரியும் கொண்ட அந்தச் சிறு சுடரில் படித்துப் பரீட்சை எழுதி, பல்கலைக்கழகம் சென்றவர்கள் பலர்.

பிள்ளைகளே, உங்கள் வீட்டிலும் சைக்கிள் பெடல் சுற்றிய ஒருவர் இருக்கலாம். அப்பா, அம்மா, அம்மம்மா, தாத்தாவிடம் கேளுங்கள். அவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள். அடுத்த மலருக்கு அதுவே நல்ல கட்டுரையாகும்.