யாருடைய பொழுது?

நாவல் படிக்கும் பெண்கள் கெட்டுப்போவார்கள் என்ற பேச்சு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் பலமாகவே இருந்தது. அடுப்படி வேலைக்கு நடுவே அவள் தனக்கென்று எடுத்துக்கொண்ட நேரம்தான் பலர் கண்ணை உறுத்தியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

வை.மு. கோதைநாயகி 1901இல் பிறந்தவர். ஐந்தரை வயதில் கல்யாணம், பள்ளிக்கூடம் போனதில்லை. மனத்தில் கதை ஓடியது, எழுத வரவில்லை. அவர் சொல்லச் சொல்லத் தோழி ஒருத்தி எழுதிக்கொடுத்தார். அப்படி வந்ததுதான் 'இந்திர மோகனா' நாடகம். 1925இல் 'ஜகன்மோகினி' இதழ் அவர் கைக்கு வந்தது. 'வைதேகி' தொடங்கி 115 நாவல்கள். இலக்கிய வரலாறுகள் இவற்றைப் 'பொழுதுபோக்கு' என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுகின்றன. யாருடைய பொழுது என்று கேட்பதில்லை.

போன வருடம் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம், அவள் கண் அயர்ந்த பிறகு நடு இரவில் நான் படித்ததும் இந்த மாதிரிக் கதைகளைத்தான். அடுத்த நாள் டாக்டர் என்ன சொல்வாரோ தெரியாது. கதையில் கடைசியில் எல்லாம் சரியாகிவிடும் என்பதாவது தெரியும். அந்த அளவு நிச்சயம் அப்போது போதுமாக இருந்தது. இதைத் தப்பித்தல் என்று இளக்காரமாகச் சொல்பவர்கள் உண்டு. கள்ளுக்கடை மறியலுக்காகச் சிறைக்குப் போன கோதைநாயகி, அங்கே உட்கார்ந்தும் நாவல்தான் எழுதினார்.